நந்தனார் மட்டும் ஏன் தீயில் இறங்கணும்? பிள்ளைகளுக்குப் பக்தியையும் நியாயத்தையும் கதை வழியே சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சில வருஷங்களாகச் சனிக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகிறேன். ஆரம்பித்த வருஷமே, சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் விடாத சிவபக்தர் நந்தனாரின் கதையைச் சொன்னேன். திருப்புன்கூரில் வெளியே நின்ற அவர் சாமியைப் பார்க்க நந்தி விலகியது, தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்குப் போனார், தீயில் மூழ்கி எழுந்தார், எல்லாரும் கைகூப்பினார்கள். நன்றாகச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டேன். அப்போது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "மத்தவங்கல்லாம் தீயில எறங்காமத்தானே உள்ள போனாங்க? அவரு மட்டும் ஏன் அத்தை எறங்கணும்?"

சாமி சோதித்துப் பார்த்தார் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அவன் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவன் கேட்டது சரியான கேள்வி. பக்திக் கதையையும் நியாயத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துச் சொன்னால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: வேண்டிய கதையெல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடக்கிறது.

கதைக்கு முன்னால் இடம்

முதலில் இடத்தைத் தேடுங்கள், கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நம் பக்கத்துக் கிராமங்களில் ஊர்த்தெரு ஒரு பக்கம், காலனித்தெரு ஒரு பக்கம், நடுவில் ஒரு வாய்க்கால் இருக்கும். நான் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஆரம்பித்தேன். நல்ல நிழல், மின்விசிறி, கழுவிவிட்ட தரை. மூன்று மாதம் ஆகியும் காலனித்தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த மண்டபம் யாருக்கு எதுவரைக்கும் என்பது அந்தப் பிள்ளைகளின் பாட்டிகளுக்குத் தெரியும். பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் வரவில்லை.

தொடக்கப்பள்ளித் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் கலந்தது. பள்ளிக்கூடம், கிளை நூலகம், எல்லாத் தெருவுக்கும் பொதுவான ஒரு மரத்தடி, இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால் போதும். சமுதாயக் கூடம் என்று பெயர் வைத்திருப்பதெல்லாம் பொதுவாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று பாருங்கள்.

நேரத்திலும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா, ஞாயிறு காலை மாதாகோயிலில் பூசை. சனிக்கிழமை மாலை யாருக்கும் இடிக்காது. நடவுக் காலத்தில் அம்மாக்கள் வயலில் இருப்பார்கள், பெரிய பெண்பிள்ளைகள் இடுப்பில் தம்பியோ தங்கையோ வைத்துக்கொண்டுதான் வருவார்கள். வரட்டும். குழந்தை அழுதால் கதை கொஞ்சம் நின்றுவிட்டுப் போகட்டும். இல்லையென்றால் அந்தப் பெண்கள் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள், அவர்களைப் பற்றித்தான் நாம் இங்கே சமத்துவக் கதை சொல்லிக்கொண்டிருப்போம்.

தண்ணீருக்கு ஒரே குடம், எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர். வீட்டிலிருந்து தனி பாட்டில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். உட்காருவதற்கு நான் ஒரு தந்திரம் செய்கிறேன்: பிறந்த மாதப்படி வட்டம். சித்திரைப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக, ஆடிப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக. தெருக்கூட்டம் தானாக உடைந்துவிடும், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வயசுக்கு எந்தக் கதை

நாலிலிருந்து ஏழு வயது வரை பசி, தாகம், நாய்க்குட்டி, கன்றுக்குட்டி இவ்வளவுதான் புரியும். அதுவே போதும். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையை இந்த வயசுக்குச் சொல்லும்போது மகனைத் தேர்க்காலில் இடும் இடத்துக்கு நான் போவதில்லை. பிள்ளைகள் ராத்திரி தூங்காது. பசு வந்து மணியை அடித்தது, ராஜா எழுந்து வெளியே ஓடிவந்தார், அங்கே நிறுத்திவிடுவேன். "நம்ம ஊர்ல ஒரு மணி கட்டினா யாரெல்லாம் வந்து அடிப்பாங்க?" என்று கேட்பேன். ஒரு பெண் "எங்க ஆயா, பென்ஷன் வரலன்னு" என்றாள். நாய்க்குச் சோறு போடாத ஒரு பெரியப்பாவின் பெயரும் வந்தது.

பூம்புகார்க் கதையான மணிமேகலையும் இந்த வயசுக்குப் பொருந்தும். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி, அதில் முதல் பிச்சை இட்ட ஆதிரை, எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோயால் தவித்த காயசண்டிகை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அடுத்த பகுதியையும் சொல்லுங்கள்: மணிமேகலை சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறு போடுகிறாள், அப்புறம் அந்தச் சிறையையே அறச்சாலையாக மாற்றித் தரும்படி அரசனைக் கேட்கிறாள். "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்ற அடியைப் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடும்.

"மணிமேகலை எந்த சாமி கும்பிட்டா?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். புத்தர் வழியில் போனவள் என்று சொல்லுங்கள். அதோடு நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடம் இருந்ததையும், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜராஜன் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்ததையும் சொல்லுங்கள். ஆனைமங்கலத்தில் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் அன்றைக்கு அதுதான் கதாநாயகன்.

எட்டு வயதுக்கு மேல் நியாயம் என்ற கணக்கு மூளையில் ஏறிவிடும். "அவனுக்கு மட்டும் ரெண்டா?" என்று கேட்கும் வயது. இந்த வயசுக்குத் திருவீழிமிழலைக் கதையைப் போல் இன்னொன்றை நான் பார்க்கவில்லை. பஞ்ச காலம். அப்பரும் சம்பந்தரும் அடியார்களுக்குச் சோறு போடத் தினம் ஒரு காசு கோயில் பீடத்தில் கிடைக்கிறது. அப்பர் மடத்தில் நேரத்தோடு சோறு தயார். சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று விசாரித்தால், சம்பந்தருக்குக் கிடைத்த காசில் வாசி, அதாவது மதிப்பில் குறை இருக்கிறது. கடைக்காரர் வட்டம், அதாவது கழிவு பிடித்துத்தான் மாற்றித் தருகிறார். அப்பர் காசுக்குக் குறைவே இல்லை, ஏனென்றால் அவர் கோயிலில் புல் செதுக்கும் உழவாரப்படையோடு கையால் வேலை செய்கிறவர். அப்போதுதான் சம்பந்தர் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பாடினார்.

இந்தக் கதையை விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். புல் செதுக்குகிறவருக்கு முழுக் காசு! நான் எதுவும் விளக்குவதில்லை. "உங்க வீட்ல கூலி யாரு எண்ணிப் பாக்குறது?" என்று மட்டும் கேட்பேன்.

இரண்டு தீ

இனி நந்தனாருக்கு வருகிறேன். இதை நான் ஒருமுறை கெடுத்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை கதை சொன்ன அடுத்த வாரம் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கதை சொன்னதுலேர்ந்து என் பையனைப் பள்ளிக்கூடத்துல நந்தனாரு, நந்தனாருன்னு கூப்புடுறானுங்க" என்றார். எனக்கு உடம்பு கூசிப்போனது. நல்ல எண்ணத்தோடு சொன்ன கதை ஒரு பையனுக்குப் பட்டப்பெயராகப் போய் ஒட்டிக்கொண்டது.

எங்கே தவறினேன் என்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. நான் "தாழ்ந்த குலத்தில் பிறந்தாலும் பெரிய பக்தர்" என்று ஆரம்பித்திருந்தேன். அந்த "பிறந்தாலும்" என்பதில் இருக்கிற "உம்" இருக்கிறதே, அதில்தான் அத்தனை விஷமும். அதை எடுத்துவிடுங்கள். "உள்ளே போக முடியாதவர்" என்றும் சொல்லாதீர்கள். கால் நன்றாகத்தானே இருந்தது? "உள்ளே விடவில்லை" என்று சொல்லுங்கள். விடாதவர்கள் யார் என்ற கேள்வி தானாக வரும். பழைய நூல்களில் இருக்கிற சாதிப்பெயரைப் பிள்ளைகள் நடுவில் உச்சரிக்க வேண்டாம். மரியாதை விகுதி எல்லாருக்கும் ஒன்றுதான்: அரசர் வந்தார் என்றால் நந்தனாரும் வந்தார்.

இன்னொன்று, வரிசை. இப்போதெல்லாம் நந்தனாருக்கு முன்னால் சாத்தமங்கைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். திருமருகலுக்குப் பக்கத்தில் சீயாத்தமங்கை என்று சொல்கிறார்களே, அந்த ஊர்தான். திருநீலநக்கர் என்ற அந்தணர் பூசை செய்கிறார். சிவலிங்கத்தின் மேல் சிலந்தி ஒன்று விழுகிறது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி, குழந்தை மேல் பூச்சி விழுந்தால் ஊதுவோமே, அப்படி வாயால் ஊதித் தள்ளுகிறார். எச்சில் பட்டுவிட்டது என்று கணவருக்குக் கோபம்; உன்னை இனி வேண்டாம் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். ராத்திரி கனவில் சிவன் தன் உடம்பைக் காட்டுகிறார். அந்தம்மா ஊதிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் சிலந்தியால் கொப்பளம். இந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும், பெரிய பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும்.

கதை அங்கே முடியவில்லை. பிறகு அதே வீட்டுக்குச் சம்பந்தர் வருகிறார், கூடவே யாழ் வாசிக்கும் திருநீலகண்டப் பெரும்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரும். பாணரை அந்தணர் வீட்டுக்குள் சேர்க்காத காலம். பாணருக்குத் தங்க ஓரிடம் கொடுங்கள் என்கிறார் சம்பந்தர். மனைவி ஊதியதற்கே தள்ளி வைத்த மனிதர் இப்போது என்ன செய்வார்? இங்கே நிறுத்திப் பிள்ளைகளைக் கேளுங்கள். "திண்ணைல" என்பார்கள், "மாட்டுக் கொட்டாய்ல" என்பார்கள். அவர் கொடுத்தது வீட்டின் நடுவில், வேள்வித் தீ அணையாமல் எரியும் வேதிகைக்குப் பக்கத்தில். அந்தத் தீ வலமாகச் சுழன்று ஓங்கி எரிந்தது என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்.

அடுத்த வாரம் நந்தனார். ஆதனூரில் பிறந்தவர், கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போனது, ஒலித்தது. அவர் வெளியே நின்றார். இதைச் சொன்னால் போதும், வேறு அலங்காரம் வேண்டாம். நிலக்கிழாரான வேதியர் நந்தனாரை வயல்வேலை முடிக்கச் சொல்லித் துரத்துகிற பகுதி பாட்டிகளுக்குப் பிடிக்கும். அது பெரியபுராணத்தில் இல்லை; 19-ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் தன் கீர்த்தனைக் கதையில் சேர்த்தது. பெரிய பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லி, ஏன் சேர்த்திருப்பார் என்று கேட்கலாம். "அப்பத்தான் ஊருக்குப் புரியும்" என்றாள் ஒருத்தி. அவர் காலத்துத் தஞ்சைப் பண்ணைகளைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கடைசியில் தில்லை மதிலுக்கு வெளியே மூட்டிய தீ. இரண்டு வாரமும் தொடர்ந்து வந்த பிள்ளைகளில் யாராவது ஒருவர் தானாகவே சொல்லிவிடுவார்: "அங்க தீ அவங்கள வாங்கன்னு கூப்புட்டுச்சு. இங்க இவரு தீக்குள்ள போகவேண்டியிருக்கு." ஒரே நூலில் இரண்டும் இருக்கின்றன. எது கடவுளின் தீ, எது மனிதர்கள் மூட்டிய தீ என்று அவர்கள் பேசிக்கொள்ளட்டும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

நந்தனாராக யாரையும் நடிக்க வைக்காதீர்கள். கூட்டம் ஒரு வருஷமாவது பழகியிராவிட்டால் அந்தக் கதையைத் தொடவே வேண்டாம்.

அடுத்த வீட்டுக் கதையைச் சொல்லும்போது

நம்முடையதல்லாத மதத்தின் கதையைச் சொல்லுமுன் அந்த வீட்டில் போய்க் கேளுங்கள். நாகூர் கதையை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. மாணவி ஒருத்தியின் நன்னியிடம் (பாட்டியிடம்) போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்ன சொற்களையே வைத்துக்கொண்டேன். "அவங்க சாமி" என்று சொல்லாதீர்கள். நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஓர் இறைநேசர், அல்லாஹ் வேறு. இந்த வித்தியாசம் அவர்களுக்கு மிக முக்கியம். நபிமார் கதைக்குப் படம் வரையச் சொல்லக் கூடாது. தர்கா வழக்கத்தை ஒப்புக்கொள்ளாத முஸ்லிம் குடும்பங்களும் நம் ஊர்களில் உண்டு, அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தர்காவின் மினாராக்களில் உயரமானது 131 அடி; கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இதைச் சொன்னதும் பையன்கள் உடனே பெரிய கோயில் விமானம் எத்தனை அடி என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

வேளாங்கண்ணியில் மோர் விற்ற பையன் கதையில் எனக்கு வேறொரு பாடம் கிடைத்தது. ஏழை விதவையின் மகன், நடக்க முடியாதவன். மாதா தோன்றிக் குழந்தைக்கு மோர் கேட்கிறார், கொடுக்கிறான், கால் சரியாகிவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் கால் சூம்பிய ஒரு பெண் இருக்கிறாள். அவள் முன்னால் "அவன் எழுந்து ஓடினான்" என்று சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தால் அவளுக்கு என்ன மிஞ்சும்? அதனால் நான் அழுத்தம் கொடுக்கும் இடத்தை மாற்றிக்கொண்டேன். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, உதவி கேட்கவும் நாகப்பட்டினத்துக்குச் சேதி சொல்லி அனுப்பவும் மாதா தேர்ந்தெடுத்தது அந்தப் பையனைத்தான். குணமானதையும் சொல்கிறேன், மறைப்பதில்லை. குரலை அங்கே ஏற்றுவதில்லை, அவ்வளவுதான்.

"இதெல்லாம் நெஜமா நடந்துச்சா?" என்று கேட்டால், "நம்புகிறவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்று சொல்லுங்கள். எல்லா மதத்துக்கும் இதே வாக்கியம். நம் கதைக்கு "நடந்தது", அடுத்தவர் கதைக்கு "சொல்கிறார்கள்" என்றால் பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். சாமியே கும்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். படுகையில் பெரியார் கட்சிக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் ஒரு கதை வேண்டும். பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நமக்கு எட்டிவிடும் தூரத்துக்காரர். அவரோடு சேர்த்து, திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சேமிப்பைப் போட்டுக் கட்டடம் எழுப்பி, அங்கே பெண்கள் பாட இடமில்லை என்றதும் பெண்களைத் தனியாகத் திரட்டிப் பாட வைத்த பெங்களூர் நாகரத்தினம்மாளையும் சொல்லுவேன். இருவரும் தேவதாசிக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் கோயிலை விட்டு வெளியே நின்று போராடினார், மற்றவர் பக்தியை விடாமலே போராடினார். யார் செய்தது சரி என்று கேட்டால் பதின்மூன்று வயதுப் பெண்கள் இருட்டும்வரை பேசுவார்கள்.

வெண்மணி

பதின்மூன்று வயதுக்கு மேல், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இதில் வர்ணனைக்கு இடமே இல்லை. நாள், எண்ணிக்கை, கேட்ட கூலி, தீர்ப்பு, இவ்வளவையும் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். கேட்டு முடித்த பிள்ளைகளை அப்படியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வந்து தங்கி, நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிப் பெண்கள் பெயரில் பதிவு செய்து கொடுத்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்கள் 1981-இல் இதற்காக லாஃப்டி என்ற அமைப்பையே தொடங்கினார்கள். கிருஷ்ணம்மாள் வள்ளலார் வழியில் ஊறியவர். நம்பிக்கை ஒரு மனுஷியை வயல்வரப்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

கதைக்கு அப்புறம்

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்த பதிலைக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். நான் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் கதையில வெளியில நின்னது யாரு?" சில சமயம் எதிர்பாராத பதில் வரும். மணிமேகலையில் வரும் சிறைக்காவலர் என்றான் ஒருவன். யோசித்துப் பார்த்தேன், அவரும் வெளியேதான் நின்றார்.

கையால் செய்கிற வேலை ஒன்று வேண்டும். திங்களூர் அப்பூதி அடிகள், தான் பார்த்தேயிராத அப்பர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அவர் அந்தணர், அப்பர் வேளாளர். அந்தக் கதையைப் பங்குனியில் சொல்லிவிட்டு, சித்திரையில் பிள்ளைகளே மோர்ப் பந்தல் போடுவார்கள். மோர் எல்லா வீட்டிலிருந்தும் வந்து ஒரே பானையில் கலக்க வேண்டும் என்பது விதி. முதல் வருஷம் இரண்டு பெரியவர்கள் எந்த வீட்டு மோர் என்று கேட்டுவிட்டுக் குடிக்காமல் போனார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண் மட்டும் "அமுதசுரபி மோர் தாத்தா" என்று கத்தினாள்.

பெற்றோர் வருவார்கள். "எங்க புள்ளைக்கு மாதா கதை எதுக்கு?" என்று கேட்ட ஒரு அப்பாவை, "அடுத்த வாரம் நீங்களும் வந்து உட்காருங்க அண்ணே" என்று அழைத்தேன். வந்தார். அன்றைக்கு வீழிமிழலைக் காசு. கடைசியில் உட்கார்ந்திருந்தவர், திருப்பூரில் தனக்குக் கூலியில் பிடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் இப்படி மாறிவிட மாட்டார்கள். இரண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள், அவர்கள் இன்னும் வரவில்லை. பெற்றோரோடு வாதாடாதீர்கள், பிள்ளையைத் தூது விடாதீர்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது கூட்டிப் போங்கள். பணமில்லையென்றால் திருப்புன்கூர் போதும், வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து 3 கிலோமீட்டர்தான். வாசலில் எல்லாரையும் நிறுத்தி, நந்தனார் நின்ற இடத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வர விரும்பாத பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம், ஒரு பெரியவர் அவர்களோடு வெளியே இருந்தால் சரி. போன தடவை, தீயைப் பற்றி அன்றைக்கு என்னைக் கேட்ட பையன் இப்போது எட்டாவது படிக்கிறான், சின்னதுகளை அவன்தான் வரிசையில் நிறுத்தினான். நந்தி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று காலடியால் அளந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தள்ளினா வாசலையே விட்டு வெளிய வந்துடும் அத்தை" என்றான்.